தெமெங்கோருக்குத் துடுப்புப் படகில் போகலாமா?

*சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து வாசகர்களுக்குப் பதில்கள்*

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். எல்லாரும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள், ஈயக்குட்டையில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். இரண்டு கேனூ இரவல் கிடைக்கிறது. தெமெங்கோர் ஏரியில் நான்கு நாள் கூடாரம் போட்டுத் தங்கி மீன் பிடிக்க ஆசை. ஆனால் “அங்கே ஸ்பீட் போட் ஓடுது, அலை வந்து கவுத்திடும்” என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் உங்களைப் பயமுறுத்தியவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அலையைச் சமாளிக்கப் பழகிக்கொள்ளலாம். போட் ஓட்டுகிறவர் கண்ணில் நீங்கள் படாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

நான் புல்வெட்டும் மிஷின், தோட்டத்துத் தண்ணீர் பம்ப், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் எல்லாம் பழுது பார்க்கிறவன். சரிசெய்த மோட்டாரைப் பூட்டி ஆற்றில் ஓட்டிப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பின்னால் உட்கார்ந்து வேகம் கூட்டும் பிடியான திராட்டிலைத் திருகியதும் போட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் தண்ணீர் தெரியவே தெரியாது. ஐஸ் பெட்டியும் நாலு ஆட்களும் முன்னால் மறைத்துக்கொண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். காலை வெயில் எதிரே அடிக்கும்போது, தாழக் கிடக்கும் ஒரு பச்சைக் கேனூ யார் கண்ணுக்கும் தெரியாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் போட் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். 200 மீட்டர் தூரத்தில் அதைப் பார்த்தீர்கள் என்றால் உங்களிடம் 18 நொடி இருக்கிறது. கேனூ மணிக்கு நாலரை கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், அந்த 18 நொடியில் நீங்கள் நகர்வது 22 மீட்டர். 400 மீட்டர் அகலமுள்ள இடத்தைக் கடக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை எங்கே, எந்த நேரத்தில் செலவழிப்பது என்பதில்தான் உங்கள் பயணத் திட்டமே இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

தெமெங்கோர் இயற்கையாக உண்டான ஏரி இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970களில் பேராக் ஆற்றை மறித்து அணை கட்டியபோது காட்டோடு முழுகிய பள்ளத்தாக்கு அது. 15,000 ஹெக்டருக்கு மேல் தண்ணீர். முழுகிய மரங்கள் பல இடங்களில் இன்னமும் நட்டுக்கொண்டு நிற்கின்றன. போட்காரர்கள் பெரும்பாலும் பழைய ஆறு ஓடிய ஆழமான தடத்தில்தான் போவார்கள். ஓரத்தில் போனால் புரொப்பெல்லர் கட்டையில் அடிபடும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படி அடிபட்டு வளைந்தவை என் பட்டறை மூலையில் குவிந்து கிடக்கின்றன. ஆக, ஏரிக்குள் இரண்டு பாதை உண்டு. நடுவில் ஓடுவது மோட்டாரின் பாதை. செத்த மரங்கள் நிற்கும் கிளை ஓடைகளும் ஆழமில்லாத ஓரங்களும் துடுப்பின் பாதை. விரால் சாதி மீனான தோமான் ஒதுங்கி நிற்பதும் அந்த மரங்களுக்கு இடையில்தான். மோட்டார் நுழையத் தயங்கும் இடத்துக்குச் சத்தமில்லாமல் நுழையலாம் என்பதே கேனூவின் பலம். ஒன்று மட்டும், காற்றடிக்கும்போது அந்த மரங்களின் அடியில் நிற்காதீர்கள். உளுத்த கிளை சொல்லிக்கொண்டு விழாது.

சரி, அந்த இடத்துக்கு எப்படிப் போவது? ஜெட்டியிலிருந்தே துடுப்புப் போட்டுப் போக வேண்டாம். கிரிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏரியைக் கடக்கும் பூலாவ் பண்டிங்கில் போட் வாடகைக்குப் பிடியுங்கள். கேனூவையும் சாமானையும் ஏற்றி, ஏதாவது ஒரு கிளை ஓடையின் உள்ளே இறக்கிவிடச் சொல்லுங்கள். நாலாம் நாள் அதே இடத்தில் வந்து ஏற்றிக்கொள்ளப் பேசிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போக வரச் செலவாகும் இரண்டு நாள் உங்களுக்கு மிச்சம். இன்னொரு லாபமும் உண்டு: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அந்த ஜெட்டியில் ஓர் ஆளுக்காவது தெரியும், அவர் மற்ற ஓட்டுநர்களிடமும் சொல்லிவைப்பார். பாலத்துக்கு வடக்கே ராயல் பெலும் பக்கம் போவதாக இருந்தால் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 117,500 ஹெக்டர் காடு அது. முதல் பயணத்துக்குத் தெற்குப் பக்கமே போதும் என்பது என் கருத்து.

நாளைப் பொறுத்தவரை, திங்கள் காலை இறங்கி வியாழன் ஏறுங்கள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை வீட்டுப் படகுகளும் அவற்றை ஒட்டி ஓடும் போட்களும் அதிகம். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி இரண்டையும் தவிருங்கள்.

நேரம்தான் சிக்கலானது. விடியும்போது ஏரியில் பனிமூட்டம் கிடக்கும். அப்போது மோட்டார் குறைவுதானே என்று நடுத்தடத்தைக் கடக்கப் போகாதீர்கள். ஒரே ஒரு போட் வந்தாலும் அதற்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். மூட்டம் விலகியதும், விருந்தாளிகள் பசியாறிவிட்டுப் போட் ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். கடப்பதற்கு அதுதான் நேரம். ஒடுங்கிய இடமாகப் பார்த்து, இரண்டு கேனூவும் பக்கத்தில் பக்கத்தில், குறுக்காக நேரே போங்கள். சாய்வாகப் போனால் தடத்துக்குள் இருக்கும் நேரம் கூடும். மோட்டார் சத்தம் கேட்டால் கரையிலேயே நின்று அதைப் போகவிட்டுப் பிறகு கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், இடி மழை வரும். இரண்டு மணிக்குள் கூடாரத்துக்குத் திரும்பிவிடுங்கள். இடிச்சத்தம் காதில் விழுந்தால் தண்ணீரில் இருக்கவே கூடாது.

ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிற உயிர்காப்புச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டே இருங்கள், உட்காரும் மெத்தையாக்க வேண்டாம். துடுப்பின் தகட்டில் வெள்ளைச் சாயம் அடித்தால் அது ஏறி இறங்குவது தூரத்திலிருந்து மின்னும். கழுத்தில் விசில். இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்காதீர்கள். தவிர்க்க முடியாமல் இறங்கினால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு வேண்டும்.

அலை வரும்போது மூக்கை அதன் பக்கம் திருப்பி, கொஞ்சம் சாய்வாக ஏறவிடுங்கள். பக்கவாட்டில் வாங்கினால்தான் கவிழும். இருவரும் முழங்காலிட்டு, துடுப்பைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். பயத்தில் படகின் விளிம்பைப் பிடித்தால் எடை ஒரு பக்கம் சாயும். செங்குத்தான கரையில் அலை மோதித் திரும்பி வரும், அதனால் முதல் அலை போனதும் எழுந்து உட்கார்ந்துவிடாதீர்கள். நங்கூரக் கயிறு மூக்கிலோ வாலிலோ இருக்கட்டும், படகின் நடுப்பக்கத்தில் கட்டினால் ஒரே அலையில் தண்ணீர் உள்ளே வரும். கயிற்றை அறுக்கக் கையெட்டும் தூரத்தில் கத்தி வேண்டும்.

தங்கும் இடத்தைப் பற்றி நிறைய எழுதலாம், இடம் போதாது. யானைச் சாணம் கிடக்கும் தடத்தில் கூடாரம் போடாதீர்கள். மீனைக் கூடாரத்துக்கு வெகு தூரத்தில் அறுத்துச் சுத்தம் செய்யுங்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா நம் காடுகளில் உண்டு, கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். எலி மூத்திரக் காய்ச்சலும் தண்ணீர் வழியாக வரும். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள், காலில் புண் இருந்தால் மூடிக்கட்டுங்கள். இரவு மழை பெய்தால் மட்டம் ஏறும். கேனூவை முழுசாகக் கரைமேல் இழுத்து, குப்புறப் போட்டு, மரத்தில் கட்டிவிடுங்கள். ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் தெமியார், ஜாஹாய் பூர்வகுடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. அவர்கள் போட்டிருக்கும் வலை அவர்களின் அன்றைய சாப்பாடு. அதைச் சுற்றிப் போங்கள், கரையேறும் முன் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை லெங்கோங் ராபான் ஏரிக்குப் போய் ஒத்திகை பாருங்கள். 1930இல் கட்டி முடித்த செண்டேரோ அணை தேக்கிய தண்ணீர் அது, நமக்குப் பக்கம்தான். அங்கே உள்ளூர்க்காரர்களின் சின்னப் போட்கள் ஓடும். அந்த அலையில் பழகிக்கொள்ளுங்கள், பாரம் ஏற்றிய கேனூவோடு.

கேள்வி: நான் ஏரியில் போட் ஓட்டிப் பிழைக்கிறவன். கயாக், கேனூக்காரர்களைப் பார்த்தால் மரியாதைக்கு வேகத்தைக் குறைத்துத்தான் போகிறேன். அப்படியும் கையை ஆட்டித் திட்டுகிறார்கள். என்னதான் செய்வது?
— வாசகர், கிரிக்

ஐயா, உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் பாதி வேகத்தில்தான் போட் மிகப் பெரிய அலையைக் கிளப்பும். முழு வேகத்தில் போட் தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும், அலை சின்னது. மெதுவாக ஊர்ந்தால் அலையே இல்லை. இரண்டுக்கும் நடுவில், வால் அமிழ்ந்து மூக்கு தூக்கிய நிலையில், அது தண்ணீரை உழுதுகொண்டு போகும். கேனூவுக்கு நேர் பக்கத்தில் வந்து திராட்டிலைக் குறைத்தால் அந்த உழும் நிலையில்தான் அவர்களைத் தாண்டுகிறீர்கள். தாண்டியதும் மறுபடி முறுக்கினால் இன்னொரு பெரிய அலை.

இடம் இருந்தால் வேகத்தை மாற்றாமல் நன்றாக விலகிப் போங்கள். ஒடுங்கிய இடம் என்றால் வெகு தூரத்திலேயே குறைத்து, போட் முழுக்க அமர்ந்த பிறகு ஊர்ந்து தாண்டுங்கள். நூறு மீட்டராவது போன பிறகு முறுக்குங்கள். சாமானையும் ஆட்களையும் பின்னால் குவிக்காமல் கொஞ்சம் நடுப்பக்கமாகப் பரப்பி வைத்தால் மூக்கு சீக்கிரம் இறங்கும், உங்களுக்கும் முன்னால் தெரியும், பெட்ரோலும் குறையும்.

கேள்வி: தோமான் குஞ்சுக் கூட்டம் செக்கச்செவேலென்று மேலே வரும்போது தவளைப் பொம்மையைப் போட்டால் தாய் நிச்சயம் கடிக்கும் என்கிறார்கள். பிடிக்கலாமா?
— வாசகர், கோலகங்சார்

பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தோமான் விரால் சாதி, மேலே வந்து காற்றை மூச்சிழுக்கும் மீன். குஞ்சுகளும் அப்படித்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூட்டமாக மேலே வருகின்றன. தாயும் தகப்பனும் அடியில் நின்று காவல் காக்கும். உங்கள் தவளையை அது கடிப்பது பசிக்காக இல்லை, பிள்ளையைக் காப்பாற்ற. காவல் போய்விட்டால் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டத்தையே அழிப்பதை என் மனம் ஒப்பவில்லை. கேனூவில் போகிறவர்கள் சத்தமில்லாமல் அந்தக் கூட்டத்தின் பக்கத்திலேயே போய்விட முடியும் என்பதால் அவர்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் அதிகம்.

குஞ்சோடு இல்லாத தோமானைத் தாராளமாகப் பிடியுங்கள். பல் கூர்மை, நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே கட்டும் கம்பி லீடர் கட்டாயம். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஆடும் கேனூவில் அது உங்கள் கையில் ஏறினாலும் கழற்றலாம். ஒரு கேனூவில் ஒருவர் வீசும்போது மற்றவர் துடுப்போடு இருக்கட்டும். பெரிய மீன் மாட்டினால் படகையே மரத்துக்குள் இழுக்கும்.

கேள்வி: மகனும் அவன் கூட்டாளிகளும் ஏரிக்குப் போகிறார்கள். அங்கே போன் கிடைக்காதாம். வீட்டில் இருக்கும் நான் என்ன கேட்டு வைத்துக்கொள்வது?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

அம்மா, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஜெட்டி, எந்தக் கிளை ஓடை, இறக்கிவிடும் போட்காரரின் பெயரும் போன் நம்பரும், கேனூவின் நிறம், காரின் நம்பர், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்பி வந்து போன் செய்வார்கள் என்பது. மழையோ காற்றோ இருந்தால் கரையிலேயே காத்திருந்து அடுத்த நாள் வருவோம் என்று அவர்கள் சொன்னால், அதையும் ஒரு நேரமாகவே எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது நேரமும் தாண்டினால் முதலில் போட்காரரைக் கூப்பிடுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் தயங்காமல் 999ஐ அழைத்து அந்தத் தாளை அப்படியே படித்துக் காட்டுங்கள்.