ரன் என்றால் ஓடுவது மட்டும்தானா?

'ரன்' என்றால் ஓடு என்றுதானே படித்தோம், கடையையும் மூக்கையும் எப்படி ரன் பண்ணுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1928-இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. இன்று அதை முந்தி நிற்பது 'ரன்'. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்.

மிரள வேண்டாம். நம் 'ஓடு' மட்டும் சும்மாவா? படம் நூறு நாள் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் ரன்தான். ஆனால் நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மோட்டார் ரன் ஆகும், நீங்களும் மோட்டாரை ரன் பண்ணலாம். கடையை 'ரன்' செய்வதும் அந்த ஓட்டு வகைதான், நாம் 'நடத்து' என்போம்.

சளி பிடித்தால் அவர்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துவைத்த சட்டையில் அவர்களுக்குச் சாயம் ஓடும், நமக்குப் போகும்.

எனக்குப் பிடித்தது தேர்தல். அமெரிக்கர் அதில் ஓடுகிறார்; பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்கிறார்!

'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. கிரிக்கெட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.