சர்க்கரையை நிறுத்தினால் மூளைக்கட்டி பட்டினி கிடக்குமா?

கேள்வி: நாங்கள் திருமங்கலத்தில் இருக்கிறோம். 56 வயதாகும் அப்பாவுக்குக் கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டி. அறுவை சிகிச்சை முடிந்தது, அடுத்த வாரம் மதுரையில் கதிர்வீச்சு தொடங்குகிறது. சோற்றையும் இனிப்பையும் அடியோடு நிறுத்தினால் கட்டியின் ஸ்டெம் செல்கள் பட்டினி கிடந்து, கதிர்வீச்சில் எளிதாக மடியும் என்கிறார் சித்தப்பா. அப்பா பல வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சித்தப்பா சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் சித்தப்பாவின் பேச்சில் பாதி உண்மை உண்டு. புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோஸை அரைகுறையாகச் சிதைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகின்றன என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார். ‘சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி’ என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திக்கு மூலம் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், கட்டியை மீண்டும் முளைக்க வைக்கும் ஸ்டெம் செல்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, இவை மற்ற கட்டிச் செல்களைவிடக் குறைவாகவே குளுக்கோஸை எடுத்துக்கொண்டு, அதை மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் பகுதி) முழுமையாக எரித்து ஆற்றலைப் பெறுகின்றன. அந்த வழியை மருந்தால் அடைத்தால் மற்ற வழிக்கு மாறிக்கொள்கின்றன. பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் ஆட்டோவைப் போன்றவை இவை. போதாக்குறைக்கு, குளுக்கோஸ் தட்டுப்பாடான சூழலில் இந்தச் செல்கள் அதை மற்றவற்றைவிடத் திறமையாக உறிஞ்சிப் பிழைத்துக்கொள்வதை 2013-இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. கதிர்வீச்சு உடைக்கும் டிஎன்ஏ-வை வேகமாகச் சரிசெய்துகொள்வதும் இவை தாக்குப்பிடிக்க ஒரு முக்கியக் காரணம். அதைச் சாப்பாட்டால் தடுக்க முடியாது.

மேலும், சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் புரதத்திலிருந்தாவது குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஏனெனில் மூளைக்கு அது வேண்டும். கட்டி மீண்டும் வளர்ந்து மறுபடி கதிர்வீச்சு பெற்றவர்களிடம் ஜெர்மனியில் மாவுச்சத்தைக் குறைத்தும் பட்டினி போட்டும் பார்த்த ஆய்வில் (முடிவு 2020-இல் வெளிவந்தது), நோய் கட்டுக்குள் இருந்த காலம் கூடவில்லை.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி வலிப்பு வரலாம். வீட்டில் அதைக் கட்டியால் வந்த வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு விட்டால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. எதிர்ப்பக்கம், மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும். சர்க்கரை தொடர்ந்து உயர்ந்திருந்த நோயாளிகளுக்குச் சிகிச்சையின் பலன் குறைந்திருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, அந்த மருந்து இருக்கும்வரை வீட்டிலேயே குளுக்கோமீட்டரில், குறிப்பாக மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் மாலையிலும், பார்த்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் இன்சுலினுக்கு மாற்றுவார்.

சாப்பாட்டில் இட்லி, அளவான சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் இருக்கட்டும். ஜிகர்தண்டாவைத் தவிர்க்கச் சொல்வது சர்க்கரை நோய்க்காகத்தான், கட்டிக்காக அல்ல. கருப்பட்டி போட்ட பருத்திப்பாலும் அதே கணக்கில்தான் சேரும். வழக்கமான முறையில் 6 வாரங்களில் 30 தவணையாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு தருவார்கள், கூடவே தினமும் டெமோசோலமைடு என்னும் புற்றுநோய் மாத்திரை இருக்கும். டெமோசோலமைடை வெறும் வயிற்றிலும், டெக்ஸாமெத்தசோனைச் சாப்பிட்ட பிறகும் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கையில் கொடுத்துவிடாதீர்கள்.

தலையை அசையாமல் பிடிக்க, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் பொருத்தி ஒரு மாஸ்க் செய்வார்கள். பட்டினியால் முகம் ஒட்டினால் அது தொளதொளக்கும்; ஸ்டீராய்டால் முகம் உப்பினால் இறுக்கும். எதுவானாலும் டெக்னீஷியனிடம் அன்றே சொல்லுங்கள், தவணையைத் தவறவிடாதீர்கள்.

மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை ஸ்டெம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் என்று படித்துவிட்டு அதன் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. அதிக வீரியமுள்ள ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளையும் இந்த 6 வாரங்களில் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ஏனெனில் கதிர்வீச்சு கட்டியைத் தாக்குவதே பெருமளவு ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும் வீரியமான மூலக்கூறுகள் மூலமாகத்தான்; ஆன்டிஆக்சிடன்ட் அவற்றைத்தான் அடக்கும்.