அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆக டாக்டர் பட்டம் கட்டாயமா? இங்கே பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) படித்துவிட்டுப் போக முடியாதா?

கேட்டிருப்பவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். மகள் பிளஸ் டூ, பயாலஜி குரூப். டெக்சாஸில் நர்ஸாக இருக்கும் அவருடைய அக்கா, "டாக்டர் பட்டம் இல்லாமல் இங்கே பிசியோ ஆக முடியாது, பிள்ளையை ஊரில் படிக்க வைத்து வருஷத்தை வீணாக்காதே" என்கிறாராம்.

நான் தக்கலையில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். கூடப் படித்த சிலர் அமெரிக்க லைசென்ஸ் வாங்கி அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அக்கா சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவிலேயே படித்து பிசியோ ஆக வேண்டுமானால் டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) படித்தே ஆக வேண்டும். அது பி.எச்டி. போல ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது, தொழில் பார்ப்பதற்கான பட்டம். அங்கேயும் முன்பு இளங்கலை போதும் என்றிருந்தது, அப்புறம் முதுகலை ஆனது. 1993-இல் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் டாக்டர் படிப்பைத் தொடங்கியது. 2016 முதல் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்லூரிகளிலும் அதுதான்.

எதற்கு இவ்வளவு படிப்பு என்று தோன்றும். நம்ம ஊரில் தோள் பிடித்துக்கொண்டால் முதலில் ஆசானிடம் போய்க் கட்டுப் போடுவார்கள், அப்புறம் எலும்பு டாக்டர், எங்கள் முறை கடைசியில்தான். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பலர் கையைத் தூக்கவே முடியாத நிலையில்தான் என் கிளினிக் படியேறுகிறார்கள். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும், ஏதோ ஓர் அளவுக்காவது, டாக்டர் சீட்டு இல்லாமல் நேரே பிசியோவிடம் போகலாம். அப்படி முதுகுவலி என்று வருகிறவருக்கு இருப்பது தசைப்பிடிப்பா, சிறுநீரகக் கல்லா, எங்கிருந்தோ பரவிய புற்றுநோயா என்று சந்தேகப்படத் தெரியவேண்டும். தன் வேலை இல்லாததை உடனே டாக்டரிடம் அனுப்பவும் வேண்டும். அதனால்தான் பாடத்தில் மருந்தியலும், ஸ்கேன் பார்ப்பதும், நோயைப் பிரித்தறிவதும் இருக்கின்றன. முழுநேர மருத்துவமனைப் பயிற்சி மட்டும் குறைந்தது 30 வாரம்.

இப்போது காசு. அங்கே நாலு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி, அதன்மேல் மூன்று வருஷம் டி.பி.டி. டாக்டர் படிப்புக்கு மட்டும், தங்குமிடச் செலவும் சேர்த்தால், ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2024 கணக்குப்படி அங்கே பிசியோக்களின் நடுச் சம்பளம் (பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்கு அதற்குக் கீழ்) வருஷத்துக்கு 1,01,020 டாலர். அந்த ஊர்ப் பிள்ளைகளே கடனைக் கட்டத் திணறுகிறார்கள். ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்து இதில் இறங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

அக்கா சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான் வருகிறது. வெளிநாட்டில் பிசியோ படித்தவர்களிடம் அங்கே கேட்பது டாக்டர் பட்டத்தை அல்ல, லைசென்ஸைத்தான். நம் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமம் என்று எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பு மதிப்பிட்டுச் சொல்லவேண்டும். அப்புறம் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வு, அதன் பிறகு என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வு. வருஷத்துக்கு நாலு முறை நடக்கும், 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் பாஸ். வாழ்நாளில் ஆறு முறைக்கு மேல் எழுத முடியாது என்பதால் 'சும்மா எழுதிப் பார்ப்போம்' என்று போகக்கூடாது.

எல்லோரும் மாட்டிக்கொள்வது அந்த மதிப்பீட்டில்தான். பாடம் பாடமாக, மணிக்கணக்கு, கிரெடிட் கணக்கு எல்லாம் பார்ப்பார்கள். பி.பி.டி. மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஏதாவது குறையும், முதுகலையான எம்.பி.டி.யும் முடித்திருந்தால் குறைவது கொஞ்சமாக இருக்கும். அதைவிடக் கொடுமை, உண்மையிலேயே படித்த பாடம் பேப்பரில் இல்லாமல் போவது. படித்து முடித்துப் பல வருஷம் கழித்துக் கல்லூரியில் போய் அந்த வருஷத்து சிலபஸைக் கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் மகள் இங்கே சேர்ந்தால், முதல் வருஷத்திலிருந்தே முத்திரை வைத்த சிலபஸ், எந்த வார்டில் எத்தனை மணிநேரம் என்ற பயிற்சிப் பதிவு, மார்க் பட்டியல், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

விசா தனிக் கதை. பிசியோதெரபிஸ்டுகளும் நர்ஸுகளும் 'ஷெட்யூல் ஏ' என்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் இருப்பதால் கிரீன் கார்டு வாங்குவதில் ஒரு படி குறைகிறது. ஆனால் இந்தியர்களுக்கான வரிசை பல வருஷம் நீளம். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புதிதாக ஹெச்1பி என்ற வேலை விசா கேட்கும் முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று அறிவித்தார்கள். ஆகவே அமெரிக்காவை மட்டும் குறிவைத்து பிள்ளையை பிசியோவில் சேர்க்காதீர்கள்.

லைசென்ஸ் வாங்கி வேலையில் சேர்ந்த பிறகும் டாக்டர் பட்டம் வேண்டும் என்று தோன்றினால், ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர்களுக்கென்றே டிரான்சிஷனல் டி.பி.டி. இருக்கிறது. பெரும்பாலும் ஆன்லைன்தான், சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். என் நண்பர்களில் அதைப் படித்தவரும் உண்டு, தேவையில்லை என்று விட்டவரும் உண்டு. யூடியூபில் "ஐந்தே வருஷத்தில் டி.பி.டி." என்று பார்த்தால் அது பாகிஸ்தான் படிப்பாக இருக்கும், குழம்பவேண்டாம்.

இங்கேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் புதிதாகச் சேருகிறவருக்குச் சம்பளம் குறைவுதான், அதை மறைத்துப் பயனில்லை. சொந்தமாகக் கிளினிக் போட்டு ஆள் வரத் தொடங்க நாளாகும். கல்ஃபுக்குப் போக பி.பி.டி.யும் கொஞ்ச கால அனுபவமும் இருந்தால் துபாய், அபுதாபி லைசென்ஸ் தேர்வு எழுதலாம். பிரிட்டனில் ஹெச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பில் பதிவு செய்தால் வேலை பார்க்கலாம். இரண்டு இடத்திலும் டாக்டர் பட்டம் கேட்பதில்லை. சேர்ப்பதற்கு முன்னால், தெரிந்த பிசியோ யாரிடமாவது சொல்லி மகளை ஒரு வாரம் கூட இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்த தாத்தாவைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்துவதுதான் தினசரி வேலை. அது பிடிக்கிறதா என்று அவளே சொல்லட்டும்.