மனித உரிமைகள் ஏன் முக்கியம்? அரசுகள் ஏன் அவற்றைக் காக்கத் தவறுகின்றன?

என் அப்பாயி தன் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கும் அடியில், ஒரு குடும்ப அட்டையை வைத்திருந்தார். ரேஷன் அட்டை அல்ல; இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டபோது இந்தியத் தூதரகத்தில் கொடுத்தது. தாத்தா, அப்பாயி, மூன்று பிள்ளைகள் எல்லோரும் ஒரே படத்தில் விறைத்து நிற்பார்கள். கோத்தகிரி மழையில் சுவரே பூசணம் பூக்கும். அந்த அட்டையை மட்டும் அடிக்கடி அடுப்போரம் காய வைத்து, துணியில் சுற்றி உள்ளே வைப்பார். மனித உரிமை ஏன் முக்கியம் என்று கேட்டால் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்பாயி பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பன்னிரண்டு வயதில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனவர். 1947 தேர்தலில், இந்தியாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல இடங்களில் வென்றது. தோட்டத்து ஓட்டுக்கு இவ்வளவு பலமா என்று கொழும்பு மிரண்டது. 1948 நவம்பர் 15 அன்று குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தமிழர்கள் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். சரியாக 25 நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, பாரிசில் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு, அதைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 15ஆம் பிரிவு. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இவர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூடைக் கொழுந்தை நிறுத்துப் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரசுகள் ஏன் தவறுகின்றன என்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான்: எளியவர்களைக் கைவிட்டால் அரசுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனோம். "உங்கள் பூர்வீக ஊரில் போய் வாங்கி வாருங்கள்" என்றார்கள். துறையூர்ப் பக்கம் என்பதற்கு மேல் அப்பாயிக்குப் பூர்வீகம் தெரியாது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் அல்லர். எங்களைத் திருப்பி அனுப்பியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, அவ்வளவுதான்.

முறையிட ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மனித உரிமை ஆணையம் பரிந்துரைதான் செய்யலாம். மீறல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் விசாரிக்கவும் முடியாது. தனக்கு நடந்தது உரிமை மீறல் என்பதே லயத்தில் இருப்பவருக்கு ஓராண்டுக்குள் தெரிவதில்லை. எங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே கூடலூர்க் காடுகளில் வாழும் பணியர், காட்டுநாயக்கர் நிலையும் இதுதான். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. வழக்கில் சிக்கியதால் தமிழ்நாட்டில் 2016 வரை அதன்படி உரிமைப் பட்டா கொடுக்க வழியில்லாமல் கிடந்தது.

ஐந்தாம் முறை அப்பாயியே அட்டையோடு கிளம்பி வந்தார். நகல் போதும் என்றார்கள். ஜெராக்ஸ் கடையில் அட்டையை இயந்திரத்துக்குள் வைத்து மூடியதும், அது வெளியே வரும்வரை அப்பாயி மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.