வீட்டுக் கணினிக்கு எந்த வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு மென்பொருள்) நல்லது? காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: கல்முனையில் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். விண்டோஸ் 10 போட்டுத் தந்திருக்கிறார்கள். மகள் ஓ.எல். படிக்கிறாள், நீங்கள் வங்கிக் கணக்கும் அதிலேயே பார்க்கிறீர்கள். கடைக்காரர் வருடச் சந்தாவில் ஒரு வைரஸ் கார்ட் போடச் சொல்கிறார். போடலாமா?

போட வேண்டாம். அந்தக் காசை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சேர்த்து வையுங்கள்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஐசிடி படிப்பிக்கிறேன். ஐசிடி சேர் என்றால் ஊரில் மக்கர் பண்ணும் கணினி எல்லாம் கடைசியில் அவர் வீட்டு விறாந்தைக்குத்தான் வந்து சேரும். அப்படி வந்தவற்றில் பலவற்றில் காசு கொடுத்து வாங்கிய வைரஸ் கார்ட் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிரச்சினை வேறு வழியாக உள்ளே வந்திருந்தது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசொப்ட் டிஃபென்டர் என்ற வைரஸ் கார்ட் கூடவே வருகிறது. ஒரு காலத்தில் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அது நியாயமும்கூட. இப்போது கதை வேறு. ஜேர்மனியின் மக்டபேர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இருக்கும் ஏவி-கொம்பரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் இந்த மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட்டில் பாதுகாப்புக்கான 6 புள்ளியில் 6ஐயும் டிஃபென்டர் பல தடவை எடுத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பிட்டிஃபென்டர், ஈசெட் எல்லாம் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் ஒரு வீட்டுக் கணினியில் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு வருடா வருடம் காசு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டிஃபென்டருக்கு ஒரு குறை உண்டு, அது நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. அது பாதி வேலையை இணையத்தில் இருக்கும் தன் சேவரிடம் கேட்டுத்தான் செய்கிறது. இணைப்பு இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் நன்றாகவே இறங்குவதை ஏவி-கொம்பரட்டிவ்ஸ் சோதனைகளிலேயே பார்க்கலாம். போன் ஹொட்ஸ்பொட்டில் மட்டும் இணையம் பார்ப்பவர்கள் மிச்ச நேரம் டேட்டாவை நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில்தான் பென் ட்ரைவும் செருகுவார்கள். அப்படியான வீடு என்றால், வெளியில் போய் வந்த பென் ட்ரைவைச் செருகும்போது ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்கு டேட்டா போகிறதே என்று அதை அடியோடு நிறுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரவு டேட்டா கிடக்கும்தானே, அதில் விடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் வேறு வைரஸ் கார்ட்கள்? அவற்றில் ஒன்றான அவாஸ்ட் பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 பெப்ரவரியில் அறிவித்ததைப் படித்திருப்பீர்கள். பாவனையாளர்கள் இணையத்தில் என்ன பார்த்தார்கள் என்ற விபரத்தைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றதாகக் குற்றச்சாட்டு, கட்ட வேண்டிய தொகை 1 கோடி 65 இலட்சம் டொலர். டிஃபென்டர் கையில் இருக்கும்போது அந்தப் பக்கம் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சரி, இனி உண்மையான பிரச்சினைக்கு வருவோம். உங்கள் லெப்டொப்பில் செட்டிங்ஸ் திறந்து அக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். "உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், அது அலுவலகங்களுக்கான முறை. வீட்டுக் கணினியில் அந்த வரிக்கு வேலை இல்லை. அநேகமாகக் கிராக் பண்ணிய, அதாவது லைசென்ஸ் இல்லாமல் களவாக இயக்கிய, விண்டோஸ்தான். கிராக் பண்ணும் அந்தச் சின்னக் கோப்புகளில் பல, முதலில் டிஃபென்டரை நிறுத்தச் சொல்லும், அல்லது தாங்களாகவே அதன் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில், அதாவது பார்க்காமல் விட வேண்டிய இடங்களின் பட்டியலில், போய் உட்கார்ந்துகொள்ளும். சில கணினிகளில் முழு சி ட்ரைவும் அந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். படலையைப் பூட்டிவிட்டு வேலியைப் பிரித்து வைத்த மாதிரி. அதன் மேல் எந்தக் கம்பனியின் வைரஸ் கார்டைப் போட்டும் பயனில்லை. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் அந்தப் பட்டியலைப் பாருங்கள். வீட்டுக் கணினியில் அது வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10 உடன் கடைக்கு வந்த பிராண்ட் லெப்டொப் என்றால், அதன் அசல் லைசென்ஸ் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசொப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கி, முதலில் இருந்த அதே பதிப்பை (வீட்டு லெப்டொப் என்றால் பெரும்பாலும் ஹோம்) துப்புரவாகப் போட்டால், இணையத்தில் இணைந்ததும் தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். கடையில் ப்ரோ போட்டுத் தருவதால்தான் கிராக் தேவைப்படுகிறது. ப்ரோவில் இருக்கும் மேலதிக வசதிகள் ஒரு வீட்டுக்கு எதற்கு?

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பதிந்துகொண்டவர்களுக்கு மேலதிகமாக 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். 11க்கு மாற இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசெசர் தேவை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஏறாத பழைய மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். பாடம் படிக்க, வங்கி பார்க்க அது தாராளம்.

அடுத்தது பிரவுசர். என் கணக்கில் வைரஸ் கார்டை விட இதுதான் பெரிய விஷயம். பயர்பொக்ஸ் போட்டு, அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற, விளம்பரங்களை மறிக்கும் எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள். ரேமண்ட் ஹில் என்பவர் தொடங்கியது, இலவசம். 'ஒரிஜின்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், வெறும் யூபிளொக் வேறு ஆட்களுடையது. குரோமில் இப்போது இதன் லைட் பதிப்பு மட்டும்தான் ஓடும். அதுவும் பரவாயில்லை. பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் தேடிப் போகும் தளங்களில் உண்மையான டவுன்லோட் பட்டன் ஒன்று, விளம்பரமாக வரும் போலிப் பட்டன்கள் அதைச் சுற்றி நாலைந்து. யூபிளொக் போட்டதும் அந்தப் போலிப் பட்டன்களில் அநேகமானவை காணாமல் போகும். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலேயே இருக்கின்றன, மகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுங்கள். பாமினி எழுத்துரு தேடும்போதும் கவனம்: எழுத்துரு என்றால் கோப்பு .ttf என்று முடிய வேண்டும். .exe ஆக வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். கோப்பின் கடைசி எழுத்துகள் தெரியாவிட்டால், எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய்க் காட்டச் செய்யலாம்.

"மனே, கொம்பியூட்டருக்குள்ள வைரஸ் வந்திட்டாம், காசு கட்டச் சொல்லுது" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கூப்பிட்டால், போகும்போதே எனக்குத் தெரியும் அது வைரஸ் இல்லை என்று. ஏதோ ஒரு தளம் 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது யாரோ 'அலவ்' அழுத்தியிருப்பார்கள். அன்று முதல் திரையின் மூலையில் பிரபல வைரஸ் கார்ட் கம்பனி ஒன்றின் சின்னத்தோடு 'சந்தா முடிந்துவிட்டது' என்று வந்துகொண்டே இருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் முடிந்தது. இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துவிடலாம். இதற்காகவே சந்தா கட்டிய வீடுகள் இருக்கின்றன என்பதுதான் வயிற்றெரிச்சல்.

2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டபோது நாடே இலவச விபிஎன் (வேறொரு சேவர் வழியாகச் சுற்றிப் போய்த் தடையைத் தாண்டும் செயலி) போட்டது. அது இன்னும் பிரவுசரில் கிடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒரு கம்பனி வழியாகப் போகிறது. நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய இலக்கத்தைத் தேடித் தரும் சேவை) முகவரியை 9.9.9.9 என்று மாற்றினால், குவாட்9 என்ற இலாப நோக்கற்ற சேவை, மோசடி என்று தெரிந்த தளங்களைத் திறக்க விடாது. பிள்ளைகளுக்காக ஆபாசத் தளங்களையும் மறிக்க வேண்டுமென்றால் கிளவுட்ஃபிளேயரின் 1.1.1.3. இரண்டுக்கும் காசு இல்லை. ரௌட்டரில் மாற்ற விடாவிட்டால் விண்டோஸிலேயே மாற்றலாம்.

பென் ட்ரைவ் பற்றி ஒரு வார்த்தை. பிரிண்ட் எடுக்கக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் வந்ததும் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷோர்ட்கட்டை மட்டும் இரட்டைக் கிளிக் பண்ணாதீர்கள், அதுதான் வைரஸை உங்கள் கணினிக்குள் கூட்டி வருவது. டிஃபென்டரால் ஸ்கேன் பண்ணி, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போங்கள்.

மகளுக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள். வங்கி வேலையை உங்கள் கணக்கில் மட்டும் பாருங்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் 'பார்சல் வந்திருக்கு, சிறு தொகை கட்டுங்கள்' என்று வரும் இணைப்பில் போய் கார்ட் இலக்கத்தையும் ஓடிபியையும் நீங்களே அடித்துக் கொடுத்தால், எந்த மென்பொருளும் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வெயாரில் ஸ்டொப் டிஜேவியூ என்றொரு வகை இருக்கிறது. பெரும்பாலும் கிராக் மென்பொருள் வழியாகவே வீடுகளுக்குள் வருகிறது. பூட்டிய படங்களைத் திரும்ப எடுப்பது பல நேரம் நடக்காது. கல்யாணப் படம், காணி உறுதியின் ஸ்கேன், மகளின் குறிப்புகள் எல்லாவற்றையும் மாதத்துக்கு ஒரு தடவை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள், ஏற்றியதும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

லெப்டொப்பின் மொடல் இலக்கம் அடியில் ஒட்டியிருக்கும். அதை இங்கே எழுதினால் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.