கொல்லைப்புறத்துக் கேமரா: பறவை, பூ, வானம் பற்றிய கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் ஓரம் எங்கள் வீடு. நான் எடுக்கும் படங்களில் முக்கால்வாசி கொல்லைக் கதவுக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவில் எடுத்தவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி (நீடாமங்கலம், கல்லூரி மாணவர்): அக்கா, வயலில் கொக்கை எடுத்தால் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி வருகிறது. இறகு ஒன்றும் தெரியவில்லை. கேமராவில் கோளாறா?

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. அது படத்தின் மொத்தப் பரப்பையும் பார்த்து வெளிச்சக் கணக்குப் போடுகிறது. உங்கள் படத்தில் பெரும்பகுதி சேறும் பச்சையும். கொக்கு ஒரு மூலையில் சின்னதாக. 'இங்கே இருட்டு அதிகம்' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, கொக்கு வெளுத்துப் போகிறது. அந்த வெளிச்சக் கணக்கை நாம் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்குக் கொண்டுவாருங்கள். சுள்ளென்ற வெயிலில் மைனஸ் 1.7 வரைகூடப் போகலாம். மொபைல் என்றால் கொக்கின் மேல் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். படம் கொஞ்சம் இருண்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். இருட்டைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இறகை யாராலும் மீட்க முடியாது.

கரண்டுக் கம்பியில் உட்காரும் கரிச்சானுக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்னால் வெறும் வானம் இருந்தால் பிளஸ் 1, மேகமூட்டம் என்றால் பிளஸ் 2. அப்போதுதான் அந்தக் கருப்புக்குள் கண் தெரியும்.

நம் ஊரில் எல்லாரையும் ஏமாற்றுவது மடையான்தான். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். அந்த நிறத்துக்கு வெளிச்சம் சரிசெய்து வைத்திருப்பீர்கள். எழும்பியதும் பளீரென்று வெள்ளைச் சிறகு விரியும், படம் போச்சு. அது பறக்கும்வரை காத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறை), வெள்ளைக் கொக்குக்கு வைக்கும் அளவையே முன்னதாக வைத்துவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/1600 வினாடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது.

கேள்வி (பாபநாசம், இல்லத்தரசி): எங்கள் படித்துறைக்கு வெண்மார்பு மீன்கொத்தி தினமும் வருகிறது. நான் கேமராவோடு கதவைத் திறந்தாலே பறந்துவிடுகிறது. என்ன செய்வது அக்கா?

பதில்: கதவைத் திறக்காதீர்கள்! அது வந்த பிறகு நீங்கள் போவதால்தான் பறக்கிறது. நீங்கள் முதலில் போய் உட்காருங்கள், அது பிறகு வரட்டும். சன்னலில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும். மாட்டுக் கொட்டகையின் கீற்றுத் தட்டி அதைவிட நல்லது. மாடு நிற்கும் இடத்தைப் பறவைகள் அவ்வளவாகச் சந்தேகப்படுவதில்லை.

மீன்கொத்தி பிடித்துப்போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தை நீங்களே கொடுக்கலாம். வயலில் பூச்சி பிடிக்கும் பறவைகளுக்கு நட்டு வைப்போமே, அதே மாதிரி ஒரு கவட்டைக் கம்பைத் தண்ணீர் ஓரம் ஊன்றுங்கள். கம்பு நடும் முன் நீங்கள் உட்காரப்போகும் இடத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள்: பின்னால் என்ன தெரிகிறது? அக்கரை வாழைத்தோப்பு தள்ளி இருந்தால் அது பச்சையாகக் கரைந்துவிடும். கம்புக்கு நேர் பின்னால் பம்புசெட் சுவர் இருந்தால் அந்தச் செங்கல் ஒவ்வொன்றும் படத்தில் வரும்.

வெளிச்சத்துக்கு ஒரே கணக்குத்தான். காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பாருங்கள், சாயங்காலம் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பின் நுனியில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 1/500 போதும். பாயும்போது எடுக்க 1/2000-க்கு மேல் வேண்டும். அதற்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி வசதி. அது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுத்தான் விழும், ஃபோகஸ் பிடிக்க நேரம் கிடைக்கும்.

கேள்வி (கும்பகோணம், ஓய்வுபெற்றவர்): அம்மா, எனக்கு வயது 71. கையில் செல்போன் மட்டும்தான். பறவை எடுக்க ஆசைப்படலாமா?

பதில்: தாராளமாக ஐயா. போனைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தில் இருக்கும் பறவையைப் பெரிதாக்கி எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். விரல்கடை ஆழத்துக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பக்கத்தில் ஒரு புதர் இருக்கட்டும், பூனை ஒளியும் அளவுக்கு நெருக்கமாக வேண்டாம். சட்டிக்கு அருகில் போனைச் சின்ன ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் பொத்தானோடு திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக் குளிக்கும். கொசு முட்டையிடும், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். எடுக்கும் முன் போன் லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தாலே பாதிப் பேருடைய மங்கல் படங்கள் தெளிந்துவிடும்.

கேள்வி (திருவையாறு, ஆசிரியை): தோட்டத்தில் இவ்வளவு பூ இருந்தும் என் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. செம்பருத்தி வெறும் சிவப்புக் கட்டியாகத் தெரிகிறது.

பதில்: காலை பத்து மணிக்கு மேல், பூஜைக்குப் பறித்தது போக மிஞ்சின பூவை எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பூவுக்கு நேரம் உண்டு டீச்சர்.

பூசணிப்பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். மார்கழியில் கோலத்துக்குப் பறிக்கும் முன் எடுத்தால்தான் உண்டு. அந்த மாதம் பனித்துளியும் இலவசம். (பூவில் தண்ணீர் தெளித்துப் பனி என்று காட்டும் படங்கள் எனக்கு அறவே பிடிக்காது.) பவழமல்லி இரவில் பூத்து விடியலில் உதிரும், அதை மரத்தில் தேடாமல் தரையில், கேமராவை மண்ணோடு வைத்து எடுங்கள். பீர்க்கம்பூவும் அந்திமந்தாரையும் சாயங்காலம் விரிபவை. புடலம்பூவின் நூல் நூலான ஓரம் முழுதாகத் தெரிய இருட்டின பிறகு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். குளத்தில் தாமரைக்குக் காலை. அல்லி இரவில் விரிந்து, வெயில் ஏறும்போது கூம்பிவிடும். இரண்டையும் ஒரே நடையில் எடுக்க விடிந்தவுடன் போக வேண்டும். பூவரசு காலையில் மஞ்சள், வாடும்போது செம்மை. ஒரே கிளையில் இரண்டு நிறமும் கிடைக்கும்.

செம்பருத்தி விஷயம்: சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். வெயிலில் சிவப்பு மட்டும் முன்னதாக நிரம்பிவிடும். மொத்த வெளிச்சம் சரி என்று கேமரா சொல்லும், ஆனால் இதழின் நரம்பு போய்விடும். நிழலில் எடுங்கள், மைனஸ் 1 வையுங்கள். வெயில்தான் இருக்கிறது என்றால் வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பூவுக்கு மேலே விரித்துப் பிடியுங்கள். அதற்கு ஈடான ஸ்டுடியோ விளக்கு கிடையாது.

வேலியில் செங்காந்தள் இருந்தால் மழைக்காலத்தில் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர், வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். இதழ் முதலில் பச்சை மஞ்சளாக இருந்து, சிவப்பு ஏறிக்கொண்டே போகும். நுனி சிவப்பும் அடி மஞ்சளுமாக இருக்கும் நாள்தான் அழகு. மேலிருந்து எடுக்காமல் பூவின் மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் எடுங்கள். கிழங்கு முதல் விதைவரை கொடிய விஷம். மாணவர்களை அழைத்துப்போனால் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆடிக்காற்றில் பூப்படம் எடுப்பது வீண் வேலை. அந்த மாதம் நான் வானத்தைப் பார்க்கப் போய்விடுவேன்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): சாயங்கால வானம் கண்ணுக்குச் செக்கச்செவேல், படத்தில் சோகை. ஏன்?

பதில்: நிறத்தைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பைக் 'குறை' என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. டேலைட்டுக்கு மாற்றுங்கள். வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டுங்கள், தென்னையும் பனையும் கருப்பாகவே வரட்டும். சூரியன் இறங்கியதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நல்ல நிறம் பல நாள் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. ஆனால் நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும், அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் சொல்லும் நீண்ட பொன்மாலை நமக்குக் கிடையாது. இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

டெல்டாவில் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு படம் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் வந்து, உழுது, பரம்படித்து, நடவுக்கு முன் வயலில் தண்ணீர் நிற்கும் அந்தச் சில நாட்கள். மலை கிடையாது, மேடு கிடையாது, வானம் முழுதும் வயலில் கிடக்கும். கேமராவை வரப்பில் படுக்கவைத்து எடுங்கள். நட்ட பிறகும் நாற்று பயிராகத் தூர் கட்டும்வரை இடையிடையே வானம் தெரியும், அப்புறம் பச்சை மூடிவிடும். குறுவைக்கு ஒரு தடவை, சம்பா அல்லது தாளடிக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு இவ்வளவுதான் வாய்ப்பு. பக்கத்து வயல்காரரிடம் என்றைக்கு நடவு என்று கேட்டு வைப்பது எந்த ஆப்பையும்விட உதவும்.

வானவில் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் வரும். சூரியன் அடிவானிலிருந்து 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஐப்பசியில் கிழக்கே மழை கருத்து, மேற்கே சாயங்கால வெயில் அடித்தால் கிழக்கு வாசலுக்கு ஓடுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம், பிளஸ் டூ மாணவர்): மொட்டை மாடியில் டிரைபாட் வைத்து மின்னல் எடுக்கலாமா அண்ணி? என் அக்காவும் வருவதாகச் சொல்கிறாள்.

பதில்: கூடாது. அக்காவும் கூடாது. மின்னலைப் பார்த்த 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள், உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. டிரைபாடை அறைக்குள் வைத்து, மூடிய கண்ணாடிச் சன்னல் வழியாக, கடலுக்கு மேல் தூரத்தில் வெட்டும் மின்னலை எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 8, 15 வினாடி, ஃபோகஸ் தூரத்து விளக்கில் மேனுவலாக. மின்னல் விழும்வரை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு): நிலா வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது. பால்வீதி நம் ஊரில் கிடைக்குமா?

பதில்: நிலாவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 200, 1/200-இல் ஆரம்பியுங்கள். பள்ளங்கள் தெரிய அரைநிலாதான் நல்லது, பௌர்ணமியில் நிழலே இருக்காது. பனைமரத்தோடு சேர்த்து எடுக்கப் பௌர்ணமிக்கு முந்தின நாள். பொழுது சாயும் முன்பே நிலா எழுந்துவிடும், மரத்திலும் வெளிச்சம் இருக்கும். பால்வீதிக்கு மாசி, பங்குனி அமாவாசை ஒட்டி, பின்னிரவு நாலு மணிக்குத் தென்கிழக்கே பாருங்கள். 18 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி. வரப்பில் நடக்கும்போது டார்ச் அவசியம், பாம்பு இருக்கும்.

கேள்வி (வலங்கைமான்): கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. எவ்வளவு கிட்டப் போகலாம்? ஓலை மறைக்கிறது, வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். அந்த ஓலைதான் அதற்கு நிழலும் மறைப்பும். ஆண்குருவி வேலையை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். பாதிக் கூடு கட்டி, தொங்கிக்கொண்டே சிறகடித்துப் பெண்குருவியை அழைக்கும் கட்டம்தான் படத்துக்கு உகந்தது. அதை தூரத்திலிருந்தே எடுக்கலாம். நெல் இலையைக் கிழித்துக் கொண்டுவரும் வழியைக் கவனித்து, அந்தப் பக்கம் காத்திருங்கள். செடியில் தாழக் கட்டும் மற்றப் பறவைகளின் கூட்டைப் படம் எடுப்பதையே நான் ஆதரிப்பதில்லை. நீங்கள் இலையை விலக்கிவிட்டுப் போன மறுநிமிடம் காக்கை பார்த்துவிடும். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

கேள்வி (மயிலாடுதுறை): அடைமழைக்குப் பிறகு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது.

பதில்: பூஞ்சை. கண்ணாடிக்குள் என்றால் சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். இனிமேல் கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், தூசிதான் உள்ளே போகும்.

கேள்வி (தஞ்சாவூர்): வடுவூர்ப் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்?

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரிவரை. கோடையில் ஏரி வற்றிவிடும். வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. கோடியக்கரை 2002-லிருந்தே இருக்கிறது. நத்தைகுத்தி நாரைக்காக மட்டும் போவதானால் வேண்டாம், அது உங்கள் வயலுக்கே வரும்.

கேள்வி (பலர்): எந்த லென்ஸ்?

பதில்: கையில் 55-250 அல்லது 70-300 மி.மீ. லென்ஸ் இருந்தால் மேலே சொன்ன சன்னலுக்கும் கம்புக்கும் அது போதும். 150-600 வாங்குகிறவர்கள் அதன் எடையை ஒருமுறை கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்; சுமார் இரண்டு கிலோ, வரப்பில் நடக்கும்போது இன்னும் கூடும். காசு குறைவு என்றால் பழையது வாங்கலாம். ஆனால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.