ரேடியோ இல்லாத டைகர் மாத்தில் லண்டனைச் சுற்றிக்கொண்டு போகலாமா?

பெட்ஃபோர்டில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "செஸ்னா 152-இல் பயிற்சி பெற்றுத் தனியார் விமானி உரிமம் வாங்கினேன். இப்போது ஒரு குழுவில் சேர்ந்து டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தில் பங்கு வாங்கியிருக்கிறேன். ஓல்ட் வார்டனுக்குப் பக்கத்தில் ஒரு புல்தரையில் நிற்கிறது. அதில் ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குத் தானாகப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி) எதுவும் கிடையாது, மின்சாரமே இல்லை. ஜூனில் கென்ட்டில் உள்ள ஹெட்கார்னுக்குப் பறந்து போக ஆசை. 'இந்த விமானத்தோடு லண்டன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது' என்கிறார் நண்பர். உண்மையா? திடீர்த் தடைகளை எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்து விமானங்களைத் திரையில் காட்டும் ஸ்கைஎக்கோ கருவி வாங்கினால் போதுமா?"

நண்பர் சொல்வது சரியில்லை. நீங்கள் போகலாம். ஆனால் நேர்கோட்டில் போக முடியாது.

பிரிட்டனின் வான்வெளியில் பெரும்பகுதி ஜி வகுப்பு, அதாவது கட்டுப்பாடற்றது. அங்கே சட்டப்படி ரேடியோவும் தேவையில்லை, டிரான்ஸ்பாண்டரும் தேவையில்லை. 1931-இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத் இன்றும் அங்கே உரிமையோடு பறக்கிறது. சிக்கல் லண்டனை நெருங்கும்போதுதான். அங்கே பல இடங்களில் 2,500 அடியிலேயே ஏ வகுப்பு தொடங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானத்துக்கு அதில் இடமே இல்லை. அதற்குக் கீழே ஹீத்ரோ, லூட்டன், ஸ்டான்ஸ்டெட், லண்டன் சிட்டி, சவுத்எண்ட் என்று வரிசையாக டி வகுப்பு மண்டலங்கள். டி வகுப்பில் நுழைய ரேடியோவில் பேசி அனுமதி வாங்க வேண்டும். டிரான்ஸ்பாண்டர் அங்கே பொதுவான கட்டாயம் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், உங்கள் நண்பரும்தான். டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் என்று தனியாக அறிவித்த பகுதிகள் வேறு. ஸ்டான்ஸ்டெட் மண்டலத்தை ஒட்டி அப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. உங்கள் வழிக்கு முக்கியமான முட்டுக்கட்டை அதுதான்.

இப்போது வரைபடத்தை விரியுங்கள். ஓல்ட் வார்டனிலிருந்து ஹெட்கார்னுக்கு நேர்கோட்டில் சுமார் 65 கடல்மைல். அந்தக் கோடு லூட்டன், ஸ்டான்ஸ்டெட், லண்டன் சிட்டி என்று எல்லாவற்றின் மேலும், பக்கத்திலும் போகிறது. லூட்டனுக்கும் ஸ்டான்ஸ்டெட்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து உண்டு. பலர் அதில் போகிறார்கள். ரேடியோ இல்லாமல் நீங்கள் அதில் போவதை நான் விரும்பவில்லை.

கிழக்கே சுற்றுங்கள். டக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே விலகிப் போய், சட்பரி வரை கிழக்கே பறந்து, அங்கிருந்து தெற்கே திரும்பி ஹானிங்ஃபீல்ட் நீர்த்தேக்கத்தைப் பிடித்து, தேம்ஸைக் கடந்து கென்ட்டுக்குள் இறங்கினால் மொத்தம் 95 கடல்மைல் வாக்கில் வரும். டக்ஸ்ஃபோர்டைச் சுற்றி 2 கடல்மைல் ஆரத்துக்கு விமானநிலையப் போக்குவரத்து வளையம் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஹானிங்ஃபீல்ட் பெரிய நீர்த்தேக்கம், மேலிருந்து தவறவே விடமாட்டீர்கள். அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. ஒரு பக்கம் லண்டன் சிட்டி, மறுபக்கம் சவுத்எண்ட், தலைக்கு மேலே ஏ வகுப்பு. கிளம்பும் நாளில் நடப்பில் உள்ள 1:2,50,000 வரைபடத்தில் இந்த இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் கையடக்க 8.33 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றை எடுத்துப் போய் சவுத்எண்டிடம் அனுமதி கேட்டு, அவர்கள் மண்டலத்தின் வழியாகவே கடக்கலாம். முந்தைய நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, "டைகர் மாத், டிரான்ஸ்பாண்டர் இல்லை, இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொல்லிவையுங்கள். ஒன்றை மட்டும் தரையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சினின் பற்றவைப்புக் கம்பிகளுக்குக் காப்புறை இல்லாவிட்டால் ரேடியோவில் ஒரே இரைச்சல்தான் கேட்கும். எஞ்சின் ஓடும்போது பேசிப் பார்த்து, எதிர்முனையில் தெளிவாகக் கேட்கிறதா என்று உறுதி செய்யாமல் அந்த ரேடியோவை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எவ்வளவு தள்ளிப் போவது? பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 'டேக் டூ' என்று சொல்லித் தருகிறது. கட்டுப்பாட்டு வான்வெளியிலிருந்து பக்கவாட்டில் 2 கடல்மைல், உயரத்தில் 200 அடி. நல்ல விதி, ஆனால் உங்கள் விமானத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டைகர் மாத் 75, 80 நாட்தான் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) ஓடும். 20 நாட் பக்கக்காற்றைக் கணக்கில் சேர்க்க மறந்தால் ஆறே நிமிடத்தில் அந்த 2 கடல்மைல் காலி. உயரமும் அப்படித்தான். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. அழுத்தத்தை 5 ஹெக்டோபாஸ்கல் தப்பாக வைத்திருந்தால் 200 அடியில் 135 அடி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். லண்டனின் ஏ வகுப்பு வான்வெளிக்குக் கீழே பறக்கும்போது அந்தப் பகுதியில் உள்ள விமானநிலையம் ஒன்றின் க்யூஎன்ஹெச்-ஐயே (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) வையுங்கள். ரேடியோ இல்லையென்றால் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செஸ்னாவில் வழி தவறினால் 121.5 என்ற அவசர அலைவரிசையில் கூப்பிட்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். இந்த விமானத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் 2 மைலுக்குப் பதிலாக, இடம் இருக்கிற வரை 4, 5 மைல் விலகிப் போகச் சொல்கிறேன். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். கூடவே ஸ்கைடீமன் போன்ற நகரும் வரைபடச் செயலியை மடியில் கட்டிக்கொள்ளுங்கள். பழைய விமானத்தில் இதெல்லாம் எதற்கு என்று குழுவில் சிலர் முகம் சுளிக்கலாம், கேட்காதீர்கள். திறந்த காக்பிட்டில் வெயிலில் சூடேறி அந்தக் கருவி அணைந்துவிடுவதும் நடக்கும். எனவே காகித வரைபடத்தில் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்கு ஓர் அடையாளம் குறித்து வைப்பதையும் விடாதீர்கள்.

அடுத்து, திடீர்த் தடைகள். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் ஜூன். மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பு அந்த மாதம்தான். அன்று அரண்மனைக்கு மேலே பறக்கும் விமானங்கள் வழக்கமாகக் கிழக்கிலிருந்து, எசெக்ஸ் வழியாக வரும். உங்கள் வழியை அப்படியே குறுக்கே வெட்டும். இதற்காக அறிவிக்கும் தற்காலிகத் தடைப்பகுதிகளை ஆர்.ஏ.டி. என்பார்கள். அவை 2016 வான்வழிப் போக்குவரத்து ஆணையின் கீழ் வருபவை, மீறுவது குற்றம். ரெட் ஏரோஸ் சாகசக் காட்சிகளுக்கும் இப்படித்தான். கோடைக் கடற்கரை ஊர்களில் வார இறுதிதோறும் ஏதாவது ஒன்று இருக்கும். பெரிய நிகழ்ச்சி என்றால் தடையும் பெரிது. 2012 ஒலிம்பிக்கின்போது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை லண்டனையும் தென்கிழக்கையும் மூடிய வளையத்துக்குள் பறக்க முன்கூட்டிய பறப்புத் திட்டம், டிரான்ஸ்பாண்டர், இருவழி ரேடியோ மூன்றும் கேட்டார்கள். இவை இல்லாத டைகர் மாத்கள் அதில் பறக்க வழியே இல்லாமல் போனது.

பெரிய தடைகள் வாரக்கணக்கில் முன்பே வெளியாகிவிடும். சிறியவை விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமில்தான் வரும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டை நடத்தும் நாட்ஸ் (NATS) நிறுவனத்தின் வான்தகவல் சேவைத் தளத்தில் முந்தைய இரவு ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். திரும்பி வரும் முன் ஹெட்கார்னிலும் பாருங்கள். காலையில் பார்த்தது மாலைக்குச் செல்லாது. விபத்து நடந்த இடத்துக்கு மேலே போடும் அவசரத் தடை, அரச குடும்பத்தினர் பயணத்துக்காகக் கொஞ்ச நேரம் மட்டும் கட்டுப்பாட்டில் வரும் வான்வெளி, இரண்டுமே இப்படித்தான் வரும். நோட்டாமில் மையப்புள்ளியும் ஆரமும் எண்களாக இருக்கும். அதைக் காகித வரைபடத்தில் பென்சிலால் வட்டமாகப் போட்டுவிட்டால் காற்றில் யோசிக்க வேண்டியிருக்காது.

விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வால்சக்கர விமானங்களுக்கான கூடுதல் பயிற்சியைப் பயிற்றுநரிடம் முடித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். குழுவின் காகிதங்களையும் வாங்கிப் படியுங்கள். பறப்பு அனுமதிச் சான்றாக இருந்தாலும் தேசியத் தகுதிச் சான்றாக இருந்தாலும், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகள் உங்களையும் கட்டுப்படுத்தும். தொட்டியில் 19 காலன், எஞ்சின் மணிக்கு ஆறு ஆறரை காலன் குடிக்கும். எதிர்க்காற்று 20 நாட் அடித்தால் இந்தப் பயணம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். எரிபொருள் போதும்தான், ஆனால் வழியில் இறங்க ஒரு மாற்று இடம் பார்த்து வையுங்கள். அங்கே புரொப்பெல்லரைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகளையும் கூடவே எடுத்துப் போங்கள். தெரியாதவரை அந்த வேலைக்குக் கூப்பிடவே கூடாது, உயிர் போகும்.

ஸ்கைஎக்கோ வாங்குங்கள், நல்ல கருவி. பேட்டரியில் ஓடும், உங்கள் விமானத்துக்குப் பொருத்தமானது. பக்கத்தில் பறப்பவர்களிடமும் பொருத்தமான கருவி இருந்தால் அவர்கள் திரையில் நீங்கள் தெரிவீர்கள், அவர்களும் உங்கள் திரையில் தெரிவார்கள். ஆனால் அது டிரான்ஸ்பாண்டர் ஆகாது. ஸ்டான்ஸ்டெட்டை ஒட்டிய அந்தப் பகுதிகளுக்குள் நுழைய அது அனுமதி தராது, கட்டுப்பாட்டாளரின் ராடாரில் நீங்கள் தெரிகிறீர்கள் என்றும் பொருள் இல்லை.

ஹெட்கார்னுக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி வாங்குங்கள், ரேடியோ இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே பாராசூட் குதிப்பு நடக்கும். ஓடுதளத்தின் மேலே வந்து வட்டமடிப்பது பழைய பழக்கம், இங்கே அது வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து, எந்த உயரத்தில் வரச் சொல்கிறார்களோ அப்படியே வாருங்கள்.